சுமை யார் தலையில்? நிறுவனச் சமூகப் பொறுப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி

எங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி இருக்கிறது. நான்கு குழாய்கள், பக்கத்தில் ஒரு வடிகட்டி, மேலே பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. சமூகப் பொறுப்புத் திட்டத்தின் கீழ் இன்ன கம்பெனி கட்டிக் கொடுத்தது என்று பலகை சொல்கிறது. தினமும் பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுதான் தண்ணீர் பிடிக்கிறார்கள். போன வருடம் ஒருநாள், ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நேரத்தில், கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் கேட்டாள்: “மிஸ், கம்பெனி எதுக்கு நமக்குத் தண்ணி தருது? அவங்க நல்லவங்களா?”

முதல் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். சட்டம் இருக்கிறது, அதனால் தருகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் வகுப்பு போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மொரிஷியஸின் தென்கிழக்குக் கரையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் உதாரணங்கள் எல்லாம் இந்தத் தீவுடையவை. வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் தெருவையும் ஆற்றையும் அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தோம்

எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி கிரியோல். தமிழ் என்றால் பள்ளிக்கூடமும் கோயிலும்தான். ‘பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு’ என்று கரும்பலகையில் எழுதினால் ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இருக்காது. அதனால் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவைத்து மற்றதை அழித்தேன். பொறுப்பு. அதற்குள் ‘பொறு’ இருக்கிறது. பொறுத்தல் என்றால் தாங்குவது, சுமப்பது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இதற்கு உள்ள சொல்லின் வேர் பதில் சொல்வதைக் குறிக்கிறது. தமிழ்ச் சொல்லில் தோள் தெரிகிறது.

தோள் என்றதும் தைப்பூசம் நினைவுக்கு வந்தது. இங்கே அன்றைக்கு அரசு விடுமுறை. வகுப்பில் பாதிப் பேர் காவடி எடுத்த வீட்டுப் பிள்ளைகள். “காவடியைத் தூக்கி அடுத்தவர் தோளில் வைத்துவிட்டு, என் நேர்த்திக்கடன் முடிந்தது என்று சொல்லலாமா?” என்று கேட்டேன். சிரித்தார்கள். சரி, பாடத்துக்கு வேண்டிய மொத்தமும் அந்தச் சிரிப்பில் வந்துவிட்டது.

ஒரு தொழில் நடந்தால் அதிலிருந்து பொருள் வருகிறது, சம்பளம் வருகிறது, லாபம் வருகிறது. கூடவே சுமையும் வருகிறது: புகை, கழிவுநீர், குப்பை, தேய்ந்துபோகும் உடம்புகள், வற்றிப்போகும் கிணறுகள். அந்தச் சுமையை அடுத்தவர் தலையில் இறக்காமல் தானே சுமப்பது நிறுவனச் சமூகப் பொறுப்பு. இன்னும் பிறக்காதவர் தலையிலும் இறக்காமல் இருப்பது வளங்குன்றா வளர்ச்சி. இரண்டும் இரண்டு பாடங்கள் என்று நினைத்துத் தனித்தனியாக நடத்தத் தேவையில்லை. இரண்டிலும் பிள்ளைகள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சுமை யார் தலையில்?

வடைக் கடை

கம்பெனி என்றதும் பிள்ளைகள் மனதில் கண்ணாடிக் கட்டடம் வருகிறது. அதை முதலில் சின்னதாக்க வேண்டும். இங்கே தெருவோரத்தில் காத்தோ பிமா விற்பார்கள். நம் பருப்பு வடையின் தம்பி. பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் போட்டு, சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் பொரிப்பது. காலையில் ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி அதற்குள் வைத்துச் சாப்பிடுவோம். அப்படி ஒரு கடையை வகுப்பில் கற்பனையாகப் போட்டோம்.

இந்தக் கடைக்காரரின் தொழில் யாரையெல்லாம் தொடுகிறது? முதலில் வந்த பதில், வாங்கிச் சாப்பிடுகிறவர். அப்புறம் வெங்காயம் உரிக்கும் பையன், பருப்புக் கொடுக்கும் வியாபாரி, கடைக்கு முதல் போட்ட மைத்துனர், வரி வாங்கும் அரசு. பக்கத்து வீட்டுப் பாட்டி, ஏனென்றால் புகை அவள் துவைத்துப் போட்ட துணியில் படிகிறது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பையன், “ஓடை, மிஸ்” என்றான். பொரித்த எண்ணெய் எங்கே போகிறது என்று அவன் யோசித்திருக்கிறான்.

முதல் போட்ட மைத்துனரைப் பங்குதாரர் என்கிறோம். தொழிலால் பலனோ பாதிப்போ அடையும் மற்ற எல்லோரையும் சேர்த்துத் தொடர்புடையோர் என்கிறோம். ஓடைக்கு வாய் கிடையாது, ஆனால் அதற்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளைப் பின்னால் எளிதாகப் படிக்கலாம்.

இப்போது சிக்கல். நம் கடைக்காரர் கோயில் அன்னதானத்துக்குத் தாராளமாகக் கொடுக்கிறார். வாழையிலை போட்டு ஏழு கறியோடு விருந்து வைக்கிறார்களே, அதில் ஒரு நாள் செலவு முழுக்க அவருடையது. அதே மனிதர் ராத்திரி கடை மூடும்போது பழைய எண்ணெயை ஓடையில் கொட்டுகிறார். பையனுக்கு மாதச் சம்பளத்தை இரண்டு மாதம் இழுத்தடித்துக் கொடுக்கிறார். அவர் பொறுப்பானவரா?

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் ‘ஆம்’ என்று கை தூக்கினார்கள், ‘அவ்வளவு கொடுக்கிறாரே’ என்று. அப்போதுதான் ‘பசுவைக் கொன்று செருப்பு தானம்’ என்ற பழமொழியைச் சொன்னேன். அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு தரம் விளக்கினேன். ஓடை என்று சொன்ன பையன் அதைத் தன் நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பள்ளிகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் தானத்தோடு நின்றுவிடுகிறது. கம்பெனி கணினி கொடுத்தது, மரக்கன்று நட்டது, பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதினார்கள், பாடம் முடிந்தது. பணம் எப்படிச் செலவானது என்று மட்டும் பார்க்கப் பழகிய பிள்ளை, அது எப்படி வந்தது என்று கேட்கக் கற்றுக்கொள்வதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஆர்ச்சி கரோல் 1991இல் வரைந்த ஒரு பிரமிடு இதற்கு நல்ல துணை. அடியில் அகலமாக லாபம். தொழில் நிற்காவிட்டால் எதுவும் நிற்காது. அதற்கு மேல் சட்டத்துக்குக் கட்டுப்படுவது. அதற்கு மேல், சட்டம் கேட்காவிட்டாலும் நியாயமாக நடப்பது. உச்சியில், ஆகச் சின்னதாக, தானம். நான் அதை வீடாக மாற்றிச் சொன்னேன்: அடித்தளம், சுவர், கூரை, வாசல் கோலம். சுவர் இல்லாத வீட்டுக்குக் கோலம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மழை உள்ளேதான் பெய்யும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் பிள்ளைகள் கேட்கட்டும். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் தொழிலின் சமூகப் பொறுப்பு என்று எழுதினார். நிர்வாகி அள்ளிக் கொடுப்பது தன் பணத்தை அல்லவே, முதல் போட்டவரின் பணத்தை அல்லவா என்பது அவர் கேள்வி. தமிழில் இதற்கு ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வலுவான வாதம், ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் தானம் என்ற உச்சியைத்தான் அது நேராகத் தாக்குகிறது. ஓடையில் எண்ணெய் கொட்டாமல் இருப்பதற்கு அது தடை சொல்லவில்லை. விதி வருவதற்கு முன் ஓடைக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதிலும் இல்லை.

நூற்றுக்கு இரண்டு

மொரிஷியஸில் 2009இலேயே சட்டம் வந்துவிட்டது. லாபம் ஈட்டும் கம்பெனி, வரி விதிக்கத்தக்க வருமானத்தில் நூற்றுக்கு 2 ரூபாயைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் என்றால் 20,000 ரூபாய். தொடக்கத்தில் கம்பெனிகளே திட்டங்களைத் தேர்ந்தெடுத்துச் செலவு செய்தன. 2016இன் இறுதியில் அரசு இதற்கென ஒரு தேசிய அறக்கட்டளையை உண்டாக்கியது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தத் தொகையில் பாதியும், 2019லிருந்து முக்கால் பங்கும் வரித்துறை வழியாக அங்கே போகும்படி மாற்றினார்கள். அறக்கட்டளை அதைத் தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இப்போது அதன் பெயர் தேசியச் சமூக உள்ளடக்க அறக்கட்டளை.

இந்தியா 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் இதே 2 சதவீதத்தைக் கொண்டுவந்தது. ஒரு வேறுபாடு, அங்கே எல்லாக் கம்பெனிக்கும் அது பொருந்தாது. சொத்து, விற்றுமுதல், லாபம் என்று வரம்புகள் வைத்து, அதைத் தாண்டும் கம்பெனிகள் மட்டும் முந்தைய 3 ஆண்டு லாபத்தின் சராசரியில் கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களில் ‘சி.எஸ்.ஆர். நிதி’ என்று பார்க்கிறீர்களே (நிறுவனச் சமூகப் பொறுப்பின் ஆங்கிலச் சுருக்கம்), அது அங்கிருந்து வருவது.

2024இல் இங்கே இன்னொரு 2 சதவீதம் சேர்ந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி மொரிஷியஸ் ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள், தட்பவெப்ப மாற்றத்தைச் சமாளிக்கும் பணிகளுக்காகத் தனியே செலுத்த வேண்டிய தீர்வை. கடல் மட்டம் உயர்வதைப் பற்றித் தீவில் இருப்பவர்களுக்குத் தனியாகப் பயமுறுத்தத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு பையன் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. “சட்டம் வாங்கினால் அது வரிதானே மிஸ், பொறுப்பு எப்படி ஆகும்?” அரை மணி நேரம் விவாதம் நடந்தது. நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. என் கருத்து என்னவென்றால், அவன் சொன்னது சரி. 2 சதவீதம் ஒரு வரிதான், நல்ல வரி. பொறுப்பு மீதி 98இல் இருக்கிறது.

டோடோவுக்குப் பின் பிறந்தவர்கள்

வளங்குன்றா வளர்ச்சிக்கு எல்லாப் பாடநூலும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும். 1987இல் நார்வேப் பிரதமர் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையில் ஐ.நா. ஆணையம் ஒன்று கொடுத்த விளக்கம் அது: இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ளலாம், ஆனால் வரப்போகிறவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியைக் கெடுக்காமல். நல்ல வரி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ‘வரப்போகிறவர்கள்’ என்பது யாரோ. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

1598இல் டச்சுக் கப்பல்கள் இந்தத் தீவுக்கு வந்தன. பறக்கத் தெரியாத, மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாத டோடோப் பறவை அப்போது இங்கே இருந்தது. வேட்டை கொஞ்சம், காடழிப்பு கொஞ்சம், எல்லாவற்றையும்விடக் கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் முட்டைகளைத் தின்றன. நூறு ஆண்டுக்குள் பறவை இல்லாமல் போயிற்று. கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். “அப்போது பிறக்காமல் இருந்தவர்கள் யார்?” என்று கேட்டேன். கொஞ்சம் நேரம் கழித்து ஒருத்தி, “நாம” என்றாள். இன்று டோடோ நாட்டுச் சின்னத்தில் இருக்கிறது, காந்தப் பொம்மையாகக் கடையில் தொங்குகிறது. இந்த வகுப்பில் யாரும் அதன் குரலைக் கேட்டதில்லை. நமக்கு முந்தினவர்கள் இறக்கிவைத்த சுமை நம் தலையில் இப்படித்தான் இருக்கிறது.

திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மொரிஷியஸ் வல்லூறு சாட்சி. 1974இல் தெரிந்தவரை நான்கே நான்கு பறவைகள் மிஞ்சியிருந்தன. முட்டைகளை எடுத்துக் கைவளர்ப்பில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் காட்டில் விட்டு, பல ஆண்டுகள் பாடுபட்டு மீட்டார்கள். கெடுக்காமல் இருந்திருந்தால் ஆகியிருக்காத செலவு.

சுரண்டாமல் பலன் எடுப்பது எப்படி என்பதற்குக் கரும்பைவிட நல்ல ஆசிரியர் இந்தத் தீவில் இல்லை. ஒருமுறை கரணை நட்டால் ஏழெட்டு அறுவடை எடுக்கலாம். தரையை ஒட்டி வெட்டுவார்கள், கட்டை மண்ணிலேயே இருக்கும், அதிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். வேரையே பிடுங்கினால் அந்த ஒரு அறுவடையோடு சரி. விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்று நெல் விளையும் ஊரில் சொல்வார்கள், அதே அறிவு.

ஆலைக்குள்ளும் பாடம் இருக்கிறது. பத்து டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ மூன்று டன் சக்கை மிஞ்சும். அதைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்து, ஆலையையும் ஓட்டி, மீதி மின்சாரத்தை ஊருக்கும் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது, குப்பையிலிருந்து விளக்கு எரிகிறதே என்று. அடுத்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. அறுவடை ஜூனிலிருந்து டிசம்பர் வரைதான். சக்கை தீர்ந்த மாதங்களில் அதே மாதிரி உலைகளில் கப்பலில் வந்த நிலக்கரி எரிகிறது. அப்படியானால் அந்த ஆலை நல்லதா, கெட்டதா? ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் பிள்ளைகள் வந்து நிற்க வேண்டும். நின்றார்கள்.

2020 ஆகஸ்ட்

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. பிள்ளைகளே இழுத்து வந்தார்கள். எங்கள் கரையில் அது நடந்தபோது அவர்களுக்கு ஒன்பது, பத்து வயது.

ஜூலை 25 இரவு, ‘வாகாஷியோ’ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளம். சீனாவிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பிரேசிலுக்குச் சரக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தனக்கு வேண்டிய எரிபொருளாக மட்டும் 4,000 டன்னுக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் அதில் இருந்தது. கைபேசி சிக்னல் கிடைக்கும் என்று கரைக்கு அருகில் வந்தது பின்னால் விசாரணையில் தெரிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று, எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன் கடலில் கலந்தது.

மாயேபூர்க் கரையில் அன்று வந்த நாற்றம் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஊரே வந்தது. வயலிலிருந்து காய்ந்த கரும்புத் தோகையை லாரி லாரியாகக் கொண்டு வந்தார்கள். துணிப் பையில் தோகையைத் திணித்து, மிதக்கட்டும் என்று காலிப் பிளாஸ்டிக் புட்டிகளையும் சேர்த்து, நீளமாகத் தைத்துக் கட்டி, எண்ணெய்க்கு வேலி போட்டோம். தோகை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயை இழுக்கும் என்று முடி வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. நான் தரையில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்தேன். விரல் நகத்தில் கறுப்பு போக நாளானது. ஆகஸ்ட் 15 அன்று கப்பல் இரண்டாகப் பிளந்தது.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்தோம். இடது பக்கம் பலன் யாருக்கு, வலது பக்கம் சுமை யாருக்கு. இடது பக்கம் கப்பல் உரிமையாளர், அதை வாடகைக்கு எடுத்த நிறுவனம், சரக்குக்குக் காத்திருந்தவர்கள். வலது பக்கம் மீனவர், சதுப்புநிலக் கண்டல் மரங்கள், பவளம், ஈல் ஓ செக்ரெத் தீவின் பறவைகள், படகுச் சவாரிக்காரர்கள், ஒரு பையன் சொன்னபடி ‘எங்க தாத்தா’. தாத்தா மீன் பிடிப்பவர். இடது பக்கத்தில் ஒரு மொரிஷியஸ் பெயர்கூட இல்லை. அந்தப் பயணத்தில் எங்களுக்கு ஒரு ரூபாய் வியாபாரமும் இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு வகுப்பு பேசாமல் இருந்தது.

பொறுப்பு எப்படிப் பங்கு பிரிந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. சட்டப்படி முதலில் நிற்க வேண்டியவர் உரிமையாளர், அதாவது ஜப்பானின் நாகாஷிகி ஷிப்பிங். வாடகைக்கு எடுத்தது மிட்சுய் ஓ.எஸ்.கே. என்ற பெரிய நிறுவனம். ‘கப்பல் எங்களுடையது இல்லை’ என்று அது ஒதுங்கியிருக்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில், கண்டல் காடு, பவளம் ஆகியவற்றின் மீட்சிக்கும் ஊர் மக்களுக்கும் என்று சில ஆண்டுகளில் 100 கோடி யென் தருவதாக அது அறிவித்தது. சட்டம் எவ்வளவு கேட்கிறது என்பதைத் தாண்டிப் பேசியது அது. அதை நான் மதிக்கிறேன். பிள்ளைகளும் மதித்தார்கள். ஆனால் ஒருத்தி கேட்டது என்னைவிட்டுப் போகவில்லை: “கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா எவ்வளவு செலவு ஆயிருக்கும் மிஸ்?”

பச்சைப் பூச்சு

சுமையைச் சுமக்காமலே சுமப்பதாகக் காட்டுவதும் நடக்கிறது. இதற்குப் பச்சைப் பூச்சு என்று பெயர். ஓட்டல் குளியலறையில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள், கடலைக் காப்பாற்றுங்கள், துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று. அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட் 1986இல் அந்த அட்டையைப் பற்றி எழுதியபோதுதான் இந்தச் சொல்லின் ஆங்கில மூலமான ‘கிரீன்வாஷிங்’ பிறந்தது. சலவைச் செலவை மிச்சம் பிடித்துக்கொண்டு கடலைக் காப்பதாகச் சொல்கிறார்களே என்பது அவர் கேள்வி.

எங்கள் வகுப்பில் அம்மா ஓட்டலில் அறை சுத்தம் செய்பவராக இருக்கும் பிள்ளைகள் நான்கு பேர். அந்த அட்டையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். துண்டு குறைவாகத் துவைத்தால் தண்ணீர் மிச்சம்தான், அதில் பொய் இல்லை. அந்த அட்டையோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். புல்வெளிக்குப் பாய்ச்சும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? அறை சுத்தம் செய்பவருக்கு ஒரு நாளில் எத்தனை அறை? கடைசிக் கேள்விக்கு நால்வரும் வீட்டில் கேட்டுப் பதில் கொண்டு வந்தார்கள். கம்பெனி அறிக்கை எதிலும் இல்லாத தகவல் அது.

அறிக்கை படிக்கப் பழக்குவது அடுத்த படி. போர்ட் லூயிஸ் பங்குச் சந்தை 2015இல் வளங்குன்றா நடைமுறைக்கென்று தனிக் குறியீடு ஒன்றைத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளிடம் இரண்டு நிறப் பேனா கொடுங்கள். பசுமை, அக்கறை, உறுதி போன்ற பெருமைச் சொற்களுக்குக் கீழே ஒரு நிறம். அளவுகளுக்குக் கீழே, அதாவது எத்தனை லிட்டர், எத்தனை டன், போன வருடம் எவ்வளவு என்பதற்குக் கீழே, இன்னொரு நிறம். பக்கம் முழுக்க முதல் நிறமாக இருந்தால் மேலே எதுவும் சொல்லத் தேவையில்லை. தங்களால் முடியாமல் போனதை எழுதியிருக்கிறார்களா என்றும் தேடச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரி கிடைத்தால் அந்த அறிக்கையை நான் கொஞ்சம் நம்புவேன்.

மக்கள், இயற்கை, வரவு என்று மூன்று கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1994இல் சொல்லி, அதற்கு ‘டிரிபிள் பாட்டம் லைன்’ என்று பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் எல்கிங்டன். பல கம்பெனிகள் அதைப் பெருமைச் சொல்லாக மட்டும் பயன்படுத்துவதைப் பார்த்து, 2018இல் அவரே அந்தச் சொல்லை மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினார். சொல் தேய்வது இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது.

பள்ளியும் தன் கணக்கைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மொரிஷியஸ் 2016 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளையும், 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களையும் தடை செய்தது. ஒரு வாரம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக் குப்பைத் தொட்டியைப் பிள்ளைகள் தராசில் நிறுத்தார்கள். கையுறை போட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, பிரித்து எழுதினார்கள். சிற்றுண்டிச் சாலைக்காரர் முதல் நாள் கோபப்பட்டார், மூன்றாம் நாள் தானே தராசு கொண்டு வந்து கொடுத்தார்.

மறுபடி அந்தத் தொட்டி

மூன்றாம் வாரக் கடைசியில் பிள்ளைகள் முற்றத்துக்குப் போனார்கள், பலகையைப் படிக்க. அப்போது வடிகட்டியைத் திறந்து பார்த்தவன் அந்த ஓடைப் பையன். உள்ளே இருந்த சுருள் பழுப்பாகி, கை வைத்தால் வழுவழுவென்று இருந்தது. தொட்டி கட்டி மூன்று வருடம். ஒரு தடவைகூட யாரும் மாற்றவில்லை. பலகையை மட்டும் மாதாமாதம் துடைத்திருக்கிறோம், நாங்கள்தான்.

அவர்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். நன்றி முதல் வரியில் இருந்தது. அப்புறம் கேள்விகள்: வடிகட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று தொட்டி கட்டியபோது எழுதி வைத்தீர்களா, உங்கள் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், எடுத்த தண்ணீர் எங்கே போகிறது. தமிழில் எழுதி, பிரெஞ்சில் பெயர்த்து, இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்பினோம்.

ஐந்து வாரம் கழித்து ஒருவர் புது வடிகட்டியோடு வந்தார். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டோம், ஆறு மாதம். மற்ற மூன்றுக்கும் இன்னும் பதில் வரவில்லை. இரண்டாம் கடிதம் போயிருக்கிறது. பித்தளைப் பலகைக்குக் கீழே இப்போது ஒரு சின்ன மரப்பலகை தொங்குகிறது. மாற்றிய நாள், அடுத்து மாற்ற வேண்டிய நாள், பார்த்துக்கொள்ளும் வகுப்பு என்று மூன்று வரி, சாக்குக்கட்டியில், தமிழில். மழை பெய்தால் அழிந்துவிடுகிறது. மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன் யாராவது ஒருவர் மறுபடி எழுதிவிடுகிறார்கள்.